வண்டைக் கண்டால் மணலைக் காணோம்

வெண்டைச் செடியின் இலையில் ஒரு பொறிவண்டு உட்கார்ந்திருக்கிறது. கைப்பேசியை அருகே கொண்டுபோய்ப் படம் எடுக்கிறோம். முகம் தெளிவாக விழுந்தால் பின்புறம் கலங்கியிருக்கிறது. முதுகுப் புள்ளிகள் தெளிவாக விழுந்தால் கால்கள் கரைந்துபோயிருக்கின்றன. எப்படி எடுத்தாலும் இலைக்கு அப்பால் இருக்கும் தோட்டம் வெறும் பச்சைக் கலங்கலாகிவிடுகிறது. அதே கைப்பேசியில் கோயில் கோபுரத்தை எடுத்தால், இருபது அடி தள்ளி நிற்கும் பூக்கடையும் அதற்குப் பின்னால் உள்ள கோபுரக் கலசமும் ஒன்றுபோலத் தெளிவாக விழுகின்றன. இத்தனை அடி ஆழத்தைச் சமாளிக்கிற கேமரா, அரை சென்டிமீட்டர் வண்டிடம் ஏன் தோற்கிறது?

இது புகைப்படக்காரர்களின் தலைவலி மட்டும் அல்ல. கிட்டே போனால் இடம் மறைகிறது, இடத்தைக் காட்ட எட்டப் போனால் வண்டு மறைகிறது. இந்த இழுபறியில் ஒரு பாலைவன வண்டைப் பற்றிய அறிவியல் கதையே ஒருமுறை தடம் மாறிப் போயிருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம். முதலில் லென்ஸ்.

மேக்ரோ புகைப்படம் என்று சொல்வதற்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. வண்டின் உடலில் 1 மில்லிமீட்டர் நீளமுள்ள பகுதி, கேமராவுக்குள் இருக்கும் ஒளி உணரியின் மேலும் 1 மில்லிமீட்டராகவே விழுந்தால் அது 1:1 உருப்பெருக்கம். மேக்ரோ என்ற பெயருக்கு முழுத் தகுதி அங்கிருந்துதான் தொடங்குகிறது. பெரிய கேமராக்களின் உணரி 36 மில்லிமீட்டர் அகலமும் 24 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. தென்னங்குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு நாலைந்து சென்டிமீட்டர் நீளம் இருக்கும்; 1:1 இல் அது சட்டத்துக்குள் அடங்காது. நம் வீட்டு அரிசியில் ஊரும் வண்டோ ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான். அதே 1:1 இல் அது படத்தின் அகலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கைத்தான் நிரப்பும். அதன் நீண்ட மூக்கைப் பார்க்க ஐந்து மடங்கு உருப்பெருக்கம் வேண்டும். 1999இல் கேனன் நிறுவனம் கொண்டுவந்த 65 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ் ஒன்று முதல் ஐந்து மடங்கு வரை பெருக்கிக் காட்டும். அவ்வளவு செலவழிக்க மனமில்லாதவர்கள் லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே வெற்றுக் குழாய் ஒன்றைப் பொருத்துகிறார்கள். அல்லது சாதாரண 50 மில்லிமீட்டர் லென்ஸைத் தலைகீழாகத் திருப்பி மாட்டிவிடுகிறார்கள். கண்ணுக்கு வேடிக்கையாக இருந்தாலும் இரண்டுமே நன்றாக வேலை செய்யும்.

இதற்கு ஒரு விலை உண்டு. லென்ஸ் உணரியை விட்டு விலக விலக, அதே ஒளி அகன்ற பரப்பில் பரவி மெலிகிறது. 1:1 இல் கால் பங்கு ஒளிதான் மிஞ்சும். ஐந்து மடங்கில் முப்பத்தாறில் ஒரு பங்கு. நடுப்பகலிலும் வண்டுப் படக்காரர்கள் ஃபிளாஷ் விளக்கோடு அலைவது இதனால்தான்.

இனித் தெளிவின் கணக்கு. வண்டின் கண்ணில் ஒரே ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வோம். அதிலிருந்து கிளம்பும் ஒளி லென்ஸின் வாய் முழுவதிலும் நுழைந்து, மறுபுறம் குறுகிக்கொண்டே வந்து ஓரிடத்தில் கூடுகிறது. எண்ணெய் ஊற்றும் புனலைப் படுக்க வைத்தது போன்ற வடிவம் அது. அகன்ற வாய் லென்ஸின் பக்கம். கூர்ந்த முனை, ஒளி குவியும் இடம். உணரி சரியாக முனையில் நின்றால் புள்ளி புள்ளியாகவே பதிவாகும். முனைக்குச் சற்று முன்னோ பின்னோ நின்றால் புனலின் குறுக்குவெட்டு பதிவாகும், அதாவது ஒரு வட்டம். இப்படிப் பல்லாயிரம் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்ததைத்தான் கலங்கல் என்கிறோம்.

தொலைவில் உள்ள பொருள்களுக்கு இந்தப் புனல் மிகவும் தாராளமானது. பொருள் இருபதடியில் இருந்தாலும் அறுபதடியில் இருந்தாலும், கைப்பேசியின் குட்டி லென்ஸுக்குப் பின்னால் முனை நகரும் தூரம் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்குதான். கிட்டே வந்தால் நிலைமை தலைகீழ். 1:1 இல் வண்டின் கண்ணுக்கும் கழுத்துக்கும் 1 மில்லிமீட்டர் இடைவெளி என்றால், அவற்றின் முனைகளுக்கு இடையிலும் ஏறத்தாழ அதே 1 மில்லிமீட்டர் இருக்கும். ஐந்து மடங்கு பெருக்கத்தில் அகலம் ஐந்து மடங்கு ஆகிறது. ஆழமோ ஐந்தின் ஐந்து மடங்கு, அதாவது இருபத்தைந்து மடங்கு விரிகிறது. உருவம் பெரிதாகும் வேகத்தைவிட அதன் ஆழம் சிதறும் வேகம் மிக அதிகம் என்பதுதான் மேக்ரோவின் அடிப்படைச் சிக்கல்.

படத்தில் தெளிவாக விழும் அந்த மெல்லிய தடிப்புக்குக் குவிய ஆழம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். 1:1 இல், லென்ஸின் துளையை எஃப் 8 என்ற நடுத்தர அளவில் வைத்தால் குவிய ஆழம் சுமார் 1 மில்லிமீட்டர். மேலே சொன்ன கேனன் லென்ஸில் ஐந்து மடங்கும், முழுதாகத் திறந்த துளையும் என்றால் 0.048 மில்லிமீட்டர். மனிதத் தலைமுடியின் தடிமன்கூட அதைவிட அதிகமாகவே இருக்கும்.

துளையைச் சுருக்கினால் என்ன? புனலின் வாய் ஒடுங்கும். புனல் ஒல்லியானால் முனைக்கு முன்னும் பின்னும் வெட்டினாலும் வட்டம் சிறிதாகவே இருக்கும். குவிய ஆழம் கூடும். எல்லாரும் முதலில் செய்து பார்ப்பது இதைத்தான். ஆனால் ஓர் எல்லைக்கு மேல் படம் முழுவதும் மெழுகு பூசியதுபோல மங்கத் தொடங்கும். ஒளி ஓர் அலை. குறுகிய துளை வழியே புகும்போது அது நேராகப் போகாமல் விளிம்புகளில் வளைந்து விரிகிறது. பள்ளிப் பாடத்தில் விளிம்பு விளைவு என்று படித்தது இதுவே. வட்டமான துளைக்கு இதை முதலில் துல்லியமாகக் கணக்கிட்டவர் ஜார்ஜ் பிடெல் ஏரி என்ற ஆங்கிலேய வானியலாளர், 1835இல். அவருக்கு வண்டைப் பற்றிக் கவலை இல்லை, விண்மீன்களைப் பற்றித்தான். எவ்வளவு நல்ல தொலைநோக்கியிலும் விண்மீன் புள்ளியாகத் தெரியாமல், மெல்லிய வளையங்கள் சூழ்ந்த சிறு வட்டாகவே தெரிகிறது. அந்த வட்டின் அளவை நிர்ணயிப்பது லென்ஸின் தரம் அல்ல, திறப்பின் அகலம்தான் என்று அவர் காட்டினார். அதே கணக்கு வண்டின் கண்ணில் மின்னும் புள்ளிக்கும் பொருந்தும். 1:1 இல் துளையை எஃப் 16 ஆகச் சுருக்கினால் ஒவ்வொரு புள்ளியும் உணரியில் ஏறத்தாழ 40 மைக்ரான் அகல வட்டாக விரிகிறது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. இன்றைய கேமராக்களின் படப்புள்ளி ஒன்று நான்கைந்து மைக்ரான்தான் என்பதால், பல படப்புள்ளிகள் ஒரே கலங்கலில் மூழ்கிவிடும். திறந்தால் ஆழம் போகிறது, மூடினால் கூர்மை போகிறது. மத்தளத்துக்கு இருபக்கமும் இடி என்பார்களே, அந்தக் கதை.

அப்படியானால் இதழ்களிலும் அருங்காட்சியகச் சுவர்களிலும் உணர்கொம்பு நுனி முதல் பின்னங்கால் நகம் வரை தெளிவாக நிற்கும் வண்டுகள் எங்கிருந்து வருகின்றன? அவை ஒரே படம் அல்ல. கேமராவை ஒரு தண்டவாளத்தில் வைத்து மயிரிழை மயிரிழையாக முன்னே நகர்த்திப் படமாக எடுத்துத் தள்ளுகிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மெல்லிய துண்டு மட்டும் தெளிவாக இருக்கும். பிறகு கணினி ஒவ்வொரு படத்திலும் தெளிந்த துண்டை மட்டும் பொறுக்கி ஒட்டுகிறது. தெளிவு எது என்று கணினிக்கு எப்படித் தெரியும்? தெளிவான இடத்தில் அடுத்தடுத்த படப்புள்ளிகளின் வெளிச்சம் சட்டென மாறும். கலங்கிய இடத்தில் மெல்ல மாறும். அந்த மாற்றத்தின் வேகம்தான் அதற்கு அடையாளம். குவிய அடுக்கல் என்று இந்த முறையைச் சொல்லலாம்.

இதை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் பிரிட்டிஷ் புகைப்படக் கலைஞர் லெவன் பிஸ். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 2016இல் காட்சிக்கு வைத்த அவருடைய பூச்சிப் படங்கள் ஒவ்வொன்றும் எட்டாயிரத்துக்கு மேற்பட்ட படங்களின் சேர்க்கை. பூச்சியின் உடலை ஏறத்தாழ முப்பது பகுதிகளாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே விளக்கமைத்து, ஒவ்வொரு படத்துக்கும் கேமராவை 10 மைக்ரான் நகர்த்தி எடுத்தார். ஒரு பூச்சிக்கு வாரக்கணக்கில் வேலை. சில மில்லிமீட்டர் உயிர், ஆள் உயரத்துக்கும் மேலான அச்சுப் படமாக நிற்கிறது. பார்த்தால் மலைப்புத்தான். ஆனால் அந்தக் காட்சியை எந்தக் கண்ணும் எந்த லென்ஸும் ஒரே நேரத்தில் கண்டதில்லை. அது கணினி கட்டிய காட்சி. அதில் பொய் என்று எதுவும் இல்லை. இருந்தாலும் ஒரு நிபந்தனை உண்டு: பூச்சி அசையக் கூடாது. ஆகவே அது அருங்காட்சியகத்தில் ஊசி குத்தி வைத்த பூச்சியாகத்தான் இருந்தாக வேண்டும்.

உயிருள்ள வண்டு ஒரு முறை உணர்கொம்பை ஆட்டினால் போதும், அடுக்கிய படத்தில் அதற்கு ஆறு கொம்பு முளைத்துவிடும். வண்டுகளுக்குச் சொந்தமாக உடல் சூடு இல்லாததால், வெயில் ஏறுவதற்கு முன் விடியற்காலைக் குளிரில் அவை விறைத்துக் கிடக்கும். களத்தில் அடுக்கல் செய்பவர்கள் அந்த வேளையைத் தேடிப் போகிறார்கள். சிலர் வண்டைப் பிடித்துக் குளிர்பெட்டியில் வைத்து எடுத்து வந்து இலையில் உட்காரவைப்பதும், தெளிப்பானால் நீர் தெளித்துப் பனித்துளி என்று காட்டுவதும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வண்டுக்குத் துன்பம் என்பது ஒரு பக்கம். அந்தத் துளி அங்கே எப்படி வந்தது என்பது சில வண்டுகளின் விஷயத்தில் ஆராய்ச்சிக் கேள்வியாகவே இருக்கிறது என்பது இன்னொரு பக்கம்.

இறந்த வண்டு போதுமா என்பதற்கு நிறமே ஒரு சோதனை. தீப்பெட்டியில் பொன்வண்டு வளர்த்தவர்களுக்குத் தெரியும், அது செத்த பின்னும் பச்சை மினுமினுப்பு அப்படியே இருக்கும். அந்தப் பச்சை சாயம் அல்ல. முன்சிறகுகள் கெட்டிப்பட்டு உருவான உறைச்சிறகின் மேற்பரப்பில் ஒரு மைக்ரானில் சிறு பங்கு தடிமனுள்ள அடுக்குகள் பல இருக்கின்றன. ஒவ்வோர் அடுக்கிலும் எதிரொளிக்கும் ஒளியலைகள் ஒன்றோடொன்று கூடி, சில நிறங்களை வலுப்படுத்தி, சிலவற்றை அழிக்கின்றன. சாய்த்துப் பார்த்தால் நிறம் மாறுவது இதற்கு நேரடிச் சான்று. சாயம் அப்படி மாறாது. அடுக்குகள் குலையாத வரை நிறமும் குலையாது. ஜப்பானின் ஹோர்யூஜி கோயிலில் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த மரப்பேழை ஒன்றை இந்தக் குடும்பத்து வண்டுகளின் சிறகுகளால் அலங்கரித்தார்கள். அவற்றில் சில இன்னும் எஞ்சியிருக்கின்றன. ஜெர்மனியின் மெஸல் படிவப் பாறைகளில் 4.7 கோடி ஆண்டு பழைய வண்டுகள்கூட உலோக மினுக்கத்தோடு கிடைத்திருக்கின்றன.

பூசணி விதை போலத் தட்டையான தங்க ஆமை வண்டை எடுத்துக்கொண்டால் எல்லாம் மாறுகிறது. சர்க்கரைவள்ளிக் கொடியின் சுற்றத்தாரான தாவரங்களில் வாழும் இந்த வண்டுகளின் தங்க நிறம் அவற்றோடு சேர்ந்தே செத்துவிடும். பனாமா நாட்டு ஆமை வண்டு ஒன்றைப் பற்றி ஜான் பால் விக்னெரோன் தலைமையிலான பெல்ஜிய இயற்பியலாளர்கள் 2007இல் காரணத்தைக் கண்டறிந்தார்கள். அதன் அடுக்குகளில் நுண்துளைகள் உள்ளன. உடல் நீர் அவற்றை நிரப்பியிருக்கும்வரை அடுக்குகள் ஒழுங்கான கண்ணாடிபோல ஒளியைத் திருப்பித் தங்கமாக மின்னும். வண்டைச் சீண்டினால் நீர் வடிகிறது. கண்ணாடித் தன்மை போய், அடியில் உள்ள சிவப்புச் சாயம் வெளியே தெரிகிறது. உலர்ந்து போன மாதிரியைப் பத்தாயிரம் படம் எடுத்தாலும் இந்தத் தங்கம் கிடைக்காது.

மினுக்கம் வேறொரு விதத்திலும் தொல்லை தரும். வண்டின் முதுகு ஒரு குவிந்த கண்ணாடி. எதிரே இருப்பதையெல்லாம் சுருக்கிக் காட்டும். சிறிய ஃபிளாஷை நேரே அடித்தால் நடுமுதுகில் ஒரு வெள்ளைப் பொட்டும் மற்ற இடமெல்லாம் கறுப்பும் விழும். விளக்குக்கும் வண்டுக்கும் நடுவே டிரேசிங் தாளையோ பால்நிறப் பிளாஸ்டிக் தகட்டையோ வளைத்து வைத்து, சின்ன விளக்கை ஒரு சின்ன வானமாக ஆக்கிக்கொள்கிறார்கள். அப்போதுதான் நிறம் வெளிவருகிறது.

இந்த விளக்கே அடுத்த ஏமாற்றத்துக்கும் காரணம். நல்ல மேக்ரோ படங்கள் பலவற்றில் வண்டுக்குப் பின்னால் கும்மிருட்டாக இருக்கும். இரவில் எடுத்தது போலத் தோன்றும். பெரும்பாலும் பகலில் எடுத்ததுதான். துளையைச் சுருக்கி, ஒளிபுகும் நேரத்தையும் குறைத்துவிட்டால், சூரிய வெளிச்சம் பதிவாகப் போதாது. ஃபிளாஷ் வெளிச்சம் மட்டும் பதிவாகும். அதுவும் தூரம் கூடக் கூடத் தூரத்தின் இருமடியாக மெலியும். விளக்கிலிருந்து 10 சென்டிமீட்டரில் வண்டு, 1 மீட்டரில் புதர் என்றால், புதருக்குக் கிடைப்பது வண்டுக்குக் கிடைப்பதில் நூறில் ஒரு பங்கு. அவ்வளவு மங்கலானதைக் கேமரா கறுப்பாகவே பதிவு செய்கிறது. ஆக, லென்ஸ் இடத்தைக் கலக்கிவிடுகிறது. மிச்சம் இருப்பதை விளக்கு அழித்துவிடுகிறது.

அதனால் என்ன நஷ்டம்? தென்மேற்கு ஆப்பிரிக்காவில் நமீபியாவின் நமீப் பாலைவனத்துக்குப் போவோம். மேற்கே அட்லாண்டிக் பெருங்கடலில் பெங்குவேலா என்ற குளிர்ந்த நீரோட்டம் ஓடுகிறது. அதன் மேல் வரும் ஈரக்காற்று குளிர்ந்து, மழையாகப் பெய்யாமல் மூடுபனியாகக் கரையேறிப் பல கிலோமீட்டர் உள்ளே வருகிறது. கோபபெப் என்ற இடத்தில் 1962இல் ஓர் ஆய்வு நிலையம் தொடங்கினார்கள். தொடங்கிய சார்லஸ் கோக் வண்டுகளில் வல்லுநர். அங்கே ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 25 மில்லிமீட்டர். சென்னையில் ஒரு மாலை அடித்துப் பெய்தால் அதைவிட அதிகம்.

1976இல் வில்லியம் ஹாமில்டனும் மேரி சீலியும் அங்கு கண்ட ஒன்றை நேச்சர் இதழில் எழுதினார்கள். ஓனிமாக்ரிஸ் உங்குயிகுலாரிஸ் என்பது பகலில் நடமாடும் ஒரு கருநிற வண்டு. இரவில் மணலுக்குள் புதைந்து தூங்கும். மூடுபனி வரும் நாளில் மட்டும், அந்தக் குளிரில், வழக்கத்துக்கு மாறாக மணலை விட்டு வெளியே வருகிறது. மணற்குன்றின் உச்சிக்கு ஏறி, காற்று வரும் திசையைப் பார்த்து, பின்புறத்தை உயர்த்தித் தலையைத் தாழ்த்தி அப்படியே நிற்கிறது. முதுகில் பனித்துளிகள் படிந்து, திரண்டு, வழிந்து வாய்க்கு வருகின்றன. கண்டதோடு அவர்கள் நிறுத்தவில்லை. மூடுபனிக்கு முன்னும் பின்னும் வண்டுகளை நிறுத்துப் பார்த்தார்கள். எடை சராசரியாக 12 சதவீதம் கூடியிருந்தது. அதிகபட்சம் 34 சதவீதம். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் ஒரே காலையில் ஏழு லிட்டர் தண்ணீர் குடித்ததற்குச் சமம் அந்தச் சராசரி.

இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2001இல், ஆக்ஸ்ஃபோர்டின் ஆண்ட்ரூ பார்க்கரும் கினெடிக் நிறுவனத்தின் கிறிஸ் லாரன்ஸும் அதே நேச்சரில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். நமீப் வண்டு ஒன்றின் முதுகை மிக நெருக்கமாகப் பார்த்தபோது அரை மில்லிமீட்டர் அகலப் புடைப்புகள் தெரிந்தன. புடைப்பின் உச்சி நீரை விரும்பியது. இடையில் உள்ள பள்ளங்களில் மெழுகு இருந்தது, அவை நீரை விலக்கின. பனித்துளி உச்சியில் ஒட்டிப் பெருத்து, கனம் தாங்காமல் மெழுகுப் பள்ளத்தில் சறுக்கி வாய்க்கு ஓடும் என்பது அவர்களின் விளக்கம். மெழுகில் கண்ணாடி மணிகளைப் பதித்து ஒரு மாதிரியும் செய்து, அது நீர் சேர்ப்பதைக் காட்டினார்கள். அழகான யோசனை. உலகெங்கும் பொருளறிவியல் ஆய்வகங்கள் பிடித்துக்கொண்டன. 2006இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் அதே தத்துவத்தில் செயற்கைப் பரப்பு ஒன்றை உருவாக்கினார்கள். புடைப்பு முதுகுள்ள வண்டு பாடநூல்களிலும் புகுந்துவிட்டது.

கோபபெப் ஆட்களுக்கு பார்க்கர் கட்டுரையின் வண்டுப் படத்தைப் பார்த்ததுமே உறுத்தியிருக்க வேண்டும். 2003இல் ஹாமில்டன், சீலி, யோ ஹென்ஷெல் மூவரும் மறுப்பு எழுதினார்கள். பார்க்கர் கட்டுரையில் ஸ்டெனோகாரா என்று குறித்திருந்த வண்டு உண்மையில் ஃபைசஸ்டெர்னா க்ரிப்ரிபெஸ் என்ற வேறு இனம் என்றார்கள். அது மூடுபனியில் தலைகீழாக நின்று யாரும் பார்த்ததில்லை. உண்மையில் நிற்கிற ஓனிமாக்ரிஸின் முதுகிலோ அந்தப் புடைப்புகளே கிடையாது.

2010இல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் நோர்கார்டும் மேரி டாக்கெயும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். புடைப்புள்ளவை, வழவழப்பானவை என நமீப்பின் நான்கு வண்டு இனங்களை எடுத்துக்கொண்டார்கள். இறந்த வண்டுகளைத் தலை தாழ்த்திச் சாய்த்து வைத்து, குளிர்ந்த செயற்கை மூடுபனியைச் செலுத்தி, சொட்டிய நீரை அளந்தார்கள். பெரிய வண்டு அதிகம் சேர்த்தது. ஆனால் முதுகின் பரப்பளவைக் கணக்கில் எடுத்தபின், புடைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் சேர்ந்த நீரில் பெரிய வேறுபாடு இல்லை. உயிருள்ள வண்டுகளை மூடுபனியில் விட்டபோது தலைகீழாக நின்றது ஓனிமாக்ரிஸ் உங்குயிகுலாரிஸ் மட்டும்தான். நீர் சேர்க்கும் வித்தையில் முதுகின் அமைப்புக்கு எவ்வளவு பங்கோ, எங்கே ஏறி எப்போது எப்படி நிற்பது என்ற பழக்கத்துக்கும் அவ்வளவாவது பங்கு உண்டு.

புடைப்புத் தத்துவம் இயற்பியலாக வேலை செய்கிறது என்பதில் ஐயமில்லை. செயற்கைப் பரப்புகள் அதை நிரூபித்துவிட்டன. தவறியது வண்டைப் பற்றிய கதை. புடைப்பு கிட்டப் பார்வையில்தான் தெரியும். நிற்கும் பழக்கமோ குளிரும் விடியலில் குன்றின் உச்சியில்தான் தெரியும். முதலாவது படமாக எளிதில் பரவியது, இரண்டாவது பரவவில்லை.

அதே நமீப்பில் லெபிடோகோரா என்ற இன்னொரு வண்டு உண்டு. 1976இல் சீலியும் ஹாமில்டனும்தான் இதையும் விவரித்தார்கள், சயன்ஸ் இதழில். தட்டையான இந்தச் சிறு வண்டு மூடுபனிக் காற்றுக்குக் குறுக்காக மணலில் நீண்ட பள்ளம் பறிக்கிறது. பள்ளத்தின் இருபுறமும் எழும் மணல் வரப்பு, சுற்றியுள்ள மணலைவிட அதிக ஈரத்தைப் பிடிக்கிறது. வண்டு வரப்பு வழியே திரும்பி வந்து அந்த ஈரத்தை உறிஞ்சுகிறது. இதன் முதுகை எத்தனை மடங்கு பெருக்கிப் பார்த்தாலும் இந்த உத்தி தெரியவே தெரியாது. அது உடலில் இல்லை, மணலில் இருக்கிறது.

மேற்கு ஆஸ்திரேலியாவில் டேரில் குவினும் டேவிட் ரென்ட்ஸும் 1983இல் வெளியிட்ட குறிப்பு இன்னும் வேடிக்கை. சாலையோரம் வீசிய குட்டைப் பழுப்பு பீர் பாட்டில்களின் மேல், பொன்வண்டுக் குடும்பத்து ஆண் வண்டுகள் ஏறி இணைசேர முயன்றுகொண்டிருந்தன. பாட்டிலின் பழுப்பு நிறமும், அடிப்பக்கத்து மொட்டு மொட்டான வேலைப்பாடும் பெண் வண்டின் முதுகை நினைவூட்டின போலும். வேறு பழுப்பு நிறத்தில் கிடந்த ஒயின் பாட்டிலை அவை சீண்டவில்லை. சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு 2011இல் இதற்குக் கிடைத்தது. அந்த வண்டின் முகத்தை மட்டும் எடுத்திருந்தால், உலகின் ஏறத்தாழ நான்கு லட்சம் வண்டு இனங்களில் இன்னொன்று என்று கடந்து போயிருப்போம். மேரி டாக்கெ குழு 2013இல் காட்டியது இதற்கும் மேலே போகிறது. தென்னாப்பிரிக்கச் சாண வண்டு, உருண்டையை நேர்கோட்டில் உருட்ட இரவு வானத்தின் பால்வழியைப் பார்த்துக்கொள்கிறது. அட்டைத் தொப்பி மாட்டி வானத்தை மறைத்தால் வழி தவறுகிறது. வாழிடம் என்றால் வானமும் அதில் சேர்த்திதான் என்றால், எந்த லென்ஸைத்தான் மாட்டுவது?

பரந்த காட்சியைப் பிடிக்கும் அகலக்கோண லென்ஸால் எடுக்கும் மேக்ரோ ஓரளவுக்கு விடை தருகிறது. உருப்பெருக்கமும் துளை எண்ணும் மாறாதவரை, குட்டை லென்ஸோ நெட்டை லென்ஸோ வண்டின் மேல் விழும் குவிய ஆழம் ஏறத்தாழ ஒன்றுதான். மாறுவது பின்னணி. 1:1 இல் எஃப் 8 துளையில் 100 மில்லிமீட்டர் லென்ஸ் மாட்டினால், தொலைவில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் உணரியில் 12 மில்லிமீட்டர் வட்டமாக, அதாவது படத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்காக விரிந்துவிடும். மரமா மலையா என்று எப்படித் தெரியும்? அதே இடத்தில் 15 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் வட்டம் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. குன்று குன்றாகவும் மரம் மரமாகவும் மங்கலாகவாவது தெரியும். 1:1 வரை போகும் இப்படிப்பட்ட 15 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றைச் சீனத்தின் வீனஸ் ஆப்டிக்ஸ் நிறுவனம் லாவோவா என்ற பெயரில் 2015இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆனால் அந்த உருப்பெருக்கத்தில் லென்ஸுக்கும் வண்டுக்கும் நடுவே அரை சென்டிமீட்டர்தான் இடைவெளி. வண்டு மிரண்டு ஓடும், லென்ஸின் நிழல் அதன் மேலேயே விழும். ஆகவே பலரும் அரை மடங்கு உருப்பெருக்கத்தோடு நின்றுகொண்டு, சூரிய வெளிச்சத்தை முதன்மையாகவும் ஃபிளாஷை ஒத்தாசையாகவும் வைத்து எடுக்கிறார்கள்.

நமீப்பின் மூடுபனியில் இதற்கும் ஒரு முட்டுக்கட்டை. கேமராவின் மேலேயே ஃபிளாஷ் இருந்தால் நடுவில் மிதக்கும் துளிகள் ஒளியைத் திருப்பியடித்துப் படமெங்கும் வெள்ளைப் பொட்டுகளாக விழும். விளக்கைக் கழற்றி வண்டுக்குப் பின்பக்கம் சாய்வாக வைத்தால் துளிகள் ஒளியைப் பெரும்பாலும் முன்னோக்கிச் சிதறடித்து, பனி பனியாகவே தெரியும். முதுகில் வழியும் நீரும் மின்னும். வண்டின் முகம் இருண்டுபோகும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது, மணி என்ன, வெப்பநிலை என்ன என்பவற்றைக் குறிப்பேட்டில் தனியே எழுதிக்கொள்கிறார்கள். தலைகீழாக நிற்கும் ஓனிமாக்ரிஸைப் பொறுத்தவரை அந்த மூன்று வரிகள் இல்லாமல் படத்தை ஆய்வுக்குப் பயன்படுத்த முடியாது.